பஸ் ஷெட்டில் நான் ஜட்ஜாக இருந்த காலம்

மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். விட்டேன் என்று சொல்வதுகூட ஒரு கௌரவத்துக்குத்தான். வாத்தியார் என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இவன் உங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்று என் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவனை, கடவுள் உண்டா இல்லையா, எந்தக் கட்சி உருப்படும், எது உருப்படாது என்றெல்லாம் தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்தார்கள். நானும் நாலைந்து வருஷம் சொன்னேன். அதில் ஒரே ஒரு தீர்ப்பைத் தவிர மற்றதெல்லாம் அன்றன்றைக்குச் சாயங்காலமே எல்லோருக்கும் மறந்துபோனது.

இரும்புலியூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட் அது. எண்பதுகளின் கடைசி வருஷங்கள். முதலாளியின் அப்பா நெல் போட்ட நிலம். மழை பிடித்தால் வெல்டிங் ஒயருக்குப் பக்கத்தில் தவளை உட்கார்ந்திருக்கும். கம்பெனியிலிருந்து வெறும் எலும்புக்கூடுதான் வரும். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். அதை ஓட்டிவரும் டிரைவர் ஒரு மரப்பெட்டியைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் வருவார். நாங்கள் அதன்மேல் கூடு கட்டி, தகடு அடித்து, பலகை போட்டு, சீட் மாட்டி, பெயிண்ட் அடித்து பஸ்ஸாக்கி அனுப்புவோம்.

தகடு அடிப்பது இரண்டு ஆள் வேலை. வெளியே நிற்பவர் துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினால் ரிவிட்டை அடிப்பார். உள்ளே நிற்பவன் அந்த ரிவிட்டின் முனையில் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடி விழ விழ முனை நசுங்கித் தகடு பிடித்துக்கொள்ளும். வெளியே நிற்பவருக்கு மூளை வேண்டும். உள்ளே நிற்பவன் நகராமல் இருந்தால் போதும். நான் உள்ளே. இன்றைக்கும் என் வலது காது அரைகுறையாகத்தான் கேட்கும். நான் நடிக்கிறேன் என்று என் பெண்டாட்டி சொல்கிறாள். பாதி நேரம் அவள் சொல்வதும் சரிதான்.

வெளியே நின்றவர் எங்கள் டிங்கர் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்று அவர் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று சொல்வதுபோல அவ்வளவு நிச்சயமாக இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தகடு. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. கட்டையை வைத்ததும் நான் தகட்டில் ஒரு தட்டு தட்டுவேன். ரெடி என்று அர்த்தம். உடனே அடி விழும். ஒரு ரிவிட்டுக்கும் அடுத்த ரிவிட்டுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில்தான் பேச்சு.

"டேய், கார்பெண்டரு இன்னா சொல்றான்? சாமி எங்கியும் கீறாருன்றான்." தர்ர்ர் என்று ஒரு அடி. "அப்ப இந்தத் தகட்டுலயும் கீறாரா?"

"கீறாருண்ணா."

"அவரு மேலயே அடிச்சிகினு கீறேனே." தர்ர்ர். "ஒரு வார்த்த கேட்டாரா என்ன?"

"அவருக்கும் காது போயிருக்கும்ணா."

வெளியே அவர் சிரிப்பது தகட்டில் அதிரும். அந்த அதிர்வைக் கையில் வாங்கித்தான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

மத்தியான சாப்பாட்டுக்கு, இன்னும் மாட்டாத பஸ் சீட்டுகளைத் தரையில் எதிரும் புதிருமாகப் போட்டுக்கொண்டு உட்காருவோம். நான்கு பேர். கார்பெண்டர் குன்றத்தூர்ப் பக்கம், முருகன் பைத்தியம். சுத்தியல் விரலில் பட்டாலும் "முருகா", படாவிட்டாலும் "முருகா". பெயிண்டர் இரும்புலியூர்க் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேன்ட் போடுவார், அதனால் திங்கட்கிழமைகளில் அவர் பேச்சில் கொஞ்சம் ஃபாதர் வாடை அடிக்கும். மூன்றாவது டிங்கர் அண்ணன். சாமி விஷயம் என்றால் கார்பெண்டரும் பெயிண்டரும் ஒரு கட்சி. எலெக்‌ஷன் என்றால் பெயிண்டரும் டிங்கர் அண்ணனும் ஒரு கட்சி. காலையில் கைகோத்தவர்கள் மத்தியானம் சட்டையைப் பிடிப்பார்கள். அடுப்பில்லாமலே ஷெட் கொதிக்கும்.

எனக்குக் கட்சியும் கிடையாது, சாமியும் கிடையாது. இல்லை என்று சொல்கிற துணிச்சலும் கிடையாது. அதனாலேயே என்னை ஜட்ஜாக்கினார்கள். எனக்கென்று டிரைவர் சீட். அதில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருந்ததால் எந்தத் தீர்ப்பும் நீளாது.

அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் இந்தியில் புராணம் போடுவார்கள். முதலாளி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லோரும் பார்ப்போம். யாருக்கும் இந்தி தெரியாது. திங்கட்கிழமை கார்பெண்டர் ஒரு கதை சொல்வார். டிங்கர் அண்ணன் அதே காட்சிக்கு வேறு கதை சொல்வார். "அந்த ராஜா அழுதது பக்தியில இல்ல மச்சான், சம்பளம் வரலன்னு" என்பார். பெயிண்டர் பொறுமையாக, இதேபோல் பைபிளில் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பிப்பார். யாருக்கும் தெரியாத பாஷையில் நடந்ததற்கு யார் சொன்ன அர்த்தம் சரி என்று, எந்தப் பாஷையும் ஒழுங்காகத் தெரியாத நான் தீர்ப்புச் சொல்வேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் தோற்றுக்கொண்டிருக்கிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். நியாயம் எல்லாம் இல்லை. ஜெயித்தவனே ஜெயித்தால் நாளைக்குச் சண்டை வராது. தோற்பவனைத் தூக்கிவிட்டால் மற்ற இரண்டு பேரும் கொந்தளிப்பார்கள், பேச்சு இன்னும் ஒரு வாரம் ஓடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி எட்டு மணி நேரம் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டுக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தோம். ஜட்ஜ் சொன்னால் சொன்னதுதான். அதை ஜட்ஜேதான் மாற்றலாம், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான். விளையாட்டுச் சட்டம். ஆனாலும் யாரும் மீறியதில்லை. ஒரு தடவை பெயிண்டர் தோற்று, ஒரு நாள் முழுக்கக் கார்பெண்டரைத் "தலைவரே" என்று கூப்பிட்டார். முதலாளி எதிரிலும் கூப்பிட்டார்.

ஒரு ஆடி மாதம். பஸ்ஸின் இடது பக்கம் தகடு அடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் காலையிலிருந்து பேசவே இல்லை. பத்து, இருபது ரிவிட் போனது. பிறகு தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"டேய்."

"இன்னாண்ணா?"

"உங்க அண்ணிக்கு வயித்துல கட்டியாம். ஆபரேசன் பண்ணணும்னு சொல்ட்டாங்க."

நான் கட்டையை வைத்தபடி நின்றேன். தட்டவில்லை.

"அவ இன்னா கேக்குறான்னா, ஆபரேசனுக்கு முன்னாடி குன்றத்தூர் மலைக்கு அவகூட ஏறணுமாம். ஏறி, நான் மொட்ட போடணுமாம். நடக்க முடியும்போதே போய்ட்டு வந்துடலாம்ன்றா."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு என் வாய் என்னைக் கேட்காமல் ஓடியது.

"ண்ணா, மொட்டையும் கறுப்புச் சட்டையுமா நின்னா தீக்குச்சிய தலகீழா புட்ச்ச மாதிரி இருப்பண்ணா."

சிரிப்பு வருகிறதா என்று உள்ளங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சரி, இவர் பதில் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முகம் தெரிந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "தட்டுடா" என்றார். தட்டினேன். அடி விழுந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட இதைச் சொல்ல வேண்டியிருக்காது. மத்தியானம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும், தகட்டுக்குப் பின்னால் எனக்கு மட்டும் சொன்னதை எடுத்து நடுவில் வைத்தேன்.

"இன்னிக்குக் கேசு: நாத்திகன் மலை ஏறலாமா, கூடாதா? கேசு நம்ம அண்ணன் மேல."

கார்பெண்டருக்குக் கொண்டாட்டம். "ஏறித்தான் ஆவணும். கூப்டுறது அண்ணி இல்ல, முருகன். அண்ணி வாயால கூப்டுறாரு."

பெயிண்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சாமிக்காக ஏற வாணாம். சம்சாரத்துக்காக ஏறலாம். எங்க ஆளுங்களே எத்தினி பேரு ஏறிகினு கீறாங்க. ஒண்ணும் தப்பில்ல."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். வழக்கமாக இந்த நேரத்துக்குள் கார்பெண்டரைத் துவைத்துக் காயப்போட்டிருப்பார். அன்றைக்கு, "கொள்கைன்னு ஒண்ணு கீதுல்ல" என்றார். அவ்வளவுதான். அப்புறம், "ஏறுனா ஊரு சிரிக்காதா?" என்று கேட்டார். வாதமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்பதுபோல் கேட்டார். கார்பெண்டர், "எவன் சிரிப்பான்? நாங்க சிரிக்க மாட்டோம்" என்றதும் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கா தெரியாது, தோற்பவனைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று?

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ரெண்டு தரப்பும் கேட்டாச்சு. கொள்கைன்றது சட்ட மாதிரி கெடயாது, அழுக்கானா மாத்திக்க. அண்ணன் மல ஏறக் கூடாது. அண்ணன் கட்சி ஜெயிச்சிது."

கார்பெண்டரும் பெயிண்டரும் எதிர்பார்த்தபடியே கொந்தளித்தார்கள். அண்ணன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜெயித்தவனின் முகம் அதுவல்ல. வேண்டுமென்றே தோற்க வந்திருக்கிறார். மலை ஏறு என்று நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சொல்லிவிட்டால், தோற்றவன் என்ற சாக்கோடு, சிரித்துக்கொண்டே ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அது புரிய ஒரு மாதம் ஆனது. மூன்றாம் வகுப்பு.

அந்த மாதக் கடைசியில் அண்ணிக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, முடிச்சூர் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவில் மூங்கில் மாதிரி இருந்தவர் முருங்கைக் குச்சி மாதிரி ஆகியிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நீதான் அந்த ஜட்ஜு தம்பியா? டெய்லி உன் பேச்சுதான். உன்னை நெனச்சி நெனச்சி சிரிப்பாரு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா தம்பி? அந்தத் தீர்ப்ப கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா? ஷெட்டுல சொல்ட்டாங்க, நான் ஏற மாட்டேன்னே நிக்கிறாரு. சின்ன மலதான். நான் மெதுவா ஏறிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேட்டது விளையாட்டில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் என் வாய் இருக்கிறதே.

"அப்பீலுன்னா மேல்கோர்ட்டுக்குப் போவணும் அண்ணி."

அண்ணி சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, திங்கட்கிழமை மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவுபண்ணினேன். சத்தியமாக முடிவுபண்ணினேன்.

திங்கட்கிழமை, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்சிக் கொடிக்கம்பத்தை யாரோ சாய்த்துவிட்டார்கள் என்று பெயிண்டர் செய்தி கொண்டுவந்தார். எந்தக் கட்சிக்காரன் சாய்த்தான் என்று ஆரம்பித்த சண்டை புதன்கிழமை வரை ஓடியது. அவ்வளவு நல்ல சண்டை அந்த வருஷத்தில் நடக்கவில்லை. அண்ணன்கூட எழுந்து நின்று பேசினார். அதை வெட்டிக்கொண்டு, "அண்ணா, அந்தத் தீர்ப்பு" என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை அண்ணன் வேலைக்கு வரவில்லை. அண்ணியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அண்ணி எழுந்திருக்கவே இல்லை.

சுடுகாட்டில் அண்ணியின் அண்ணன்தம்பிகள் சடங்கு செய்ய வேண்டும் என்றார்கள். வேறு யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் அண்ணன் ஒரு பிரசங்கமே பண்ணியிருப்பார். அன்றைக்கு, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பூவை எடுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். மொட்டைத் தலை. சந்தனம்கூடச் சரியாகக் காயவில்லை. அதே கறுப்புச் சட்டை.

ஷெட்டே நின்றுபோனது. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலைக் கோயில் ஏறக் கூடாது. சாமி கும்பிடுகிற எவனும் செய்யாத காரியத்தை, கும்பிடாத இவர் செய்துவிட்டு வந்திருக்கிறார். தனியாக ஏறியிருக்கிறார்.

மத்தியானம் சீட்டைப் போட்டு உட்கார்ந்தோம். அண்ணன் டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னாடா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

அவர் கார்பெண்டரைப் பார்த்தார்.

"தீட்டோட மல ஏறிட்டு வந்து குந்திகினு கீறேன். கேளு. நாத்திகன் உன் கோயில தீட்டாக்கிட்டான். கேளுடா."

கார்பெண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அத்தெல்லாம் ஒண்ணியும் இல்லண்ணா. முருகன் ஏத்துக்குவாரு."

"முருகனே கெடயாதுடா."

"ஆமாண்ணா," என்றார் கார்பெண்டர்.

என் காது பாதி போன காது. ஆனால் அந்த "ஆமாண்ணா" இன்றைக்கும் முழுசாகக் கேட்கிறது. எத்தனையோ வருஷமாக முருகனுக்காகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியவர், இரக்கத்தில் முருகனை விட்டுக்கொடுத்துவிட்டார்.

அண்ணன் பெயிண்டர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. செத்தவங்க மேல போறாங்கன்னு சொல்லுவல்ல? சொல்லு. நான் இல்லன்றேன்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா," என்றார் பெயிண்டர். கண் கலங்கியிருந்தது.

"இன்னாங்கடா இது, பேஜாரு. எதுத்துப் பேசுங்கடா." அடுத்து என்னிடம் வந்தார். "ஜட்ஜு, நீயாவது எதுனா சொல்லு. தீக்குச்சின்னு சொல்லு."

அவருக்கு நான் எத்தனையோ தடவை நேரம் காலம் தெரியாமல் ஜோக் சொல்லியிருக்கிறேன். அவரே கேட்டும் சொல்லாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். "சாப்புடுண்ணா," என்றேன்.

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடக்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். ஆளும் கட்சியைத் திட்டினால் ஆமாம். எதிர்க் கட்சியைத் திட்டினாலும் ஆமாம். அதைப் பாசம் என்று நினைத்தோம். கொஞ்சம் பயமும் இருந்தது. எந்தப் பேச்சைத் தொட்டாலும் எங்கேயாவது அண்ணி வந்து நிற்பாரோ என்று. தகடு அடிக்கும்போது நான் தட்டுவேன், அவர் அடிப்பார். நடுவில் ஒன்றும் கிடையாது. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம், வேலை இரண்டு மடங்கு வேகத்தில் நடந்தது.

ஒரு நாள் நானே ஆரம்பித்துப் பார்த்தேன். தகட்டுக்கு உள்ளேயிருந்து, "ண்ணா, சாமி கீறாருண்ணா" என்றேன். வம்புக்குத்தான். இரண்டு ரிவிட் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"இருந்துட்டுப் போட்டும்டா."

பொங்கல் கழிந்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டார். கோவளம் பக்கம் படகுக்குத் தகடு அடிக்கிற வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்களில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் போயிருக்க வேண்டும். பஸ் கட்டுகிறவனுக்குக் கோவளம் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஷெட்டை மூடி அங்கே ஒரு கல்யாண மண்டபம் வந்த பிறகு, ஒரு காலையில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். டீக்கடைப் பக்கம் சத்தம். பாதிக் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்தான். தலைமுடி வளர்ந்து நரைத்திருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு ஆளிடம் விரலை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார்.

"கீறாருன்னா கொண்டா, காட்டு."

"யோவ், காத்த காட்டுவியா நீ?" என்றான் அந்த ஆள்.

"காத்து அடிச்சா இலை ஆடுதுல்ல? உன் சாமி அடிச்சா இன்னா ஆடுது?"

"உன் வாய்தான்யா ஆடுது. காலைல வந்து ரோதன பண்ணாத, போய்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்த ஆளுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் திட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் முகத்தில் அந்தத் திட்டெல்லாம் வெயில் மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

இரண்டடி எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் திரும்புவார். என்னைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். நான் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன், அவர் நல்லா இருக்கேன் என்பார், நான் ஆமாண்ணா என்பேன்.

முதலில் கிளம்பிய பஸ்ஸில் ஏறிவிட்டேன். எந்த ஊர் பஸ் என்று பார்க்கவில்லை. பெருங்களத்தூரில் இறங்கித் திரும்பி நடந்தேன்.